மன்னிப்பக்கா எழுதிய பதில்

அலுவலகத்தில் அவளுக்கு மன்னிப்பக்கா என்று பெயர். வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி அது. மெஷின் நின்றுபோனது, தண்ணீர் ஒழுகுகிறது, சட்டை கிழிந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் வாயில் வந்தபடி எழுதும் மின்னஞ்சல்களுக்கெல்லாம் குழைந்து குழைந்து மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவது அவள் வேலை. கொதித்துக்கொண்டிருப்பவன்கூட அவள் பதிலைப் படித்தால் அடங்கிவிடுவான்.

கதை எழுதும் ஆசை கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. கணவன் வேறொருத்தியோடு போனபிறகு, வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லாமல், சனிக்கிழமை எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில் வகுப்பு. கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளைக் கதையாக எழுதி அங்கே வாசித்தாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் டாக்ஸிக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா விட்டுட்டுப் போனது அவரு. நீங்க ஏம்மா அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி எழுதியிருக்கீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, அவனைத் திட்டித் தீர்ப்பது என்று உட்கார்ந்தாள். இரண்டு வரி தாண்டியதும் 'தங்கள் சூழலைப் புரிந்துகொள்கிறேன்' என்று வந்து நின்றது. கிழித்துப் போட்டாள். மறுபடி எழுதினாள். அதுவும் தேறவில்லை. வாரக்கணக்கில் இதே கதைதான்.

அப்போதுதான் ஒரு பெரியவரின் புகார் வந்தது. இறந்துபோன மனைவியின் போர்வையை, வாசனை போய்விடக்கூடாதென்று துவைக்காமலே வைத்திருந்தாராம். மகள் விஷயம் தெரியாமல் மெஷினில் போட்டுவிட்டாள். 'உங்கள் மெஷின் ஏன் இவ்வளவு நன்றாகத் துவைக்கிறது?' என்று கேட்டிருந்தார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல்கள் தாமாக ஓடின. தன் அலமாரியில் கிடக்கும் கணவனின் சட்டையைப் பற்றி எழுதினாள். துவைக்கவும் மனமில்லாமல் தூக்கிப்போடவும் மனமில்லாமல் தான் படுகிற பாட்டை எழுதினாள். அடிவயிற்றில் கிடந்த ஆத்திரமெல்லாம் அதில் வந்து விழுந்தது. 'வருந்துகிறோம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். நமக்கும் எழுத வரும் என்று முதன்முதலாகத் தோன்றியது.

மேலாளர் பார்க்காமல் எந்தப் பதிலும் வெளியே போகாது. அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது? அவரு மெஷினைப் பத்திக் கேட்டா, நீங்க உங்க வீட்டுக் கதையை அளந்திருக்கீங்க."

"அவருக்குப் புரியும் சார்."

"புரியும். அப்புறம் நாலு பேருக்குக் காட்டுவாரு. என் தலைதான் உருளும். அதை அழிச்சுட்டு வழக்கமான பதிலை அனுப்பிட்டேன்."

"எனக்காவது ஒரு காப்பி..."

"அழிச்சது அழிச்சதுதாம்மா."

கம்ப்யூட்டர் பிரிவில் போய்க் கெஞ்சினாள். கையை விரித்துவிட்டார்கள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தாள். சட்டை வந்தது, அலமாரி வந்தது, ஆத்திரம் வரவில்லை. எழுதியதைப் படித்தால் யாரோ ஒருத்தி யாரையோ சமாதானப்படுத்துவதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸில் புது ஏற்பாடு. இனி யாரும் சொந்தமாக எழுத வேண்டாம், தயாராக உள்ள பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றார்கள். வேலை மிச்சம் என்று மற்றவர்களுக்குச் சந்தோஷம்.

சனிக்கிழமை டாக்ஸிக்காரர் கேட்டார். "ஏதாவது கொண்டு வந்தீங்களாம்மா?"

"ஒண்ணு எழுதினேன் அண்ணா. நல்லா வந்துச்சு."

"வாசிங்களேன்."

"இல்ல. தொலைஞ்சுபோச்சு."

"நானும் ஆரம்பத்துல எழுதாம வந்தா இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று சிரித்தார் அவர். அவர் முறை வந்தது. எழுந்துபோய் வாசிக்க ஆரம்பித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்புக்குப் போகவில்லை.