எலாஸ்டிக் வைத்தியம்

நான் லேடீஸ் டெய்லர். கடைக்கு வருகிற பெண்களிடம், "இடுப்பு ஏறிப்போச்சு, மூச்சை இழுத்து மறைக்காதீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறவள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். என் கர்ப்பப்பை கீழே இறங்கியபோது இந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது.

டாக்டரிடம் போயிருக்கலாம். தொங்குவதை இழுத்துப் பிடிப்பது நம் தொழில்தானே என்று, அகல எலாஸ்டிக்கும் இரட்டைத் துணியும் வைத்து எனக்கு நானே ஒரு ஜட்டி தைத்துக்கொண்டேன். மகா மேதை! தும்மினால் எலாஸ்டிக் தோற்றது, மெஷினை மிதித்தால் நான் தோற்றேன். ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் முதுகுவலி என்று திரும்பிப் படுத்தேன். பாவம் மனுஷன், இல்லாத வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். கடைசியில் ஒருநாள் கடையில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா என் ஜட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"தையல் பிரமாதம். ஆனா தளர்ந்தது உள்ள இருக்கிற தசை. வெளிய கட்டி என்ன பண்றது?"

பிறகு வழிகளைச் சொன்னார். ஆபரேஷன் பயமென்றால் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கலாம். இல்லையென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோ, மேலே தூக்கிக் கட்டியோ, தளர்ந்த பிறப்புப்பாதைச் சுவரை இழுத்துத் தைக்கலாம். சிலருக்குத் தாங்கலாக உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்பதும் உண்டு.

"வலை என்ன துணிங்க? சுருங்குமா?" என்று கேட்டேன். புத்தி எங்கே போகும்!

"சில பேருக்கு உறுத்தும். இன்னொரு வழியும் இருக்கு. பாதையையே மூடித் தைச்சிடலாம். சின்ன ஆபரேஷன்தான், மறுபடி இறங்குறது ரொம்பக் குறைவு. ஆனா அதுக்கப்புறம் தாம்பத்தியம் முடியாது."

"அதையே பண்ணிடுங்க டாக்டர்," என்றாள் மகள். "இந்த வயசுல அம்மாவுக்கு அதெல்லாம் எதுக்கு?"

எனக்குக் காது சுட்டது. பெற்ற பெண்ணுக்கு எதிரில் தலையை ஆட்டிவிட்டால் மானம் மிஞ்சும். ஆனால் ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதுபோல் இதைப் பிரித்துத் தைக்க முடியாது. தைலம் தேய்த்த கை நினைவுக்கு வந்தது.

"மூட வேண்டாம் டாக்டர். தூக்கித் தைங்க."

"என்னம்மா இது? அப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்!"

"அவர் சொல்லமாட்டார்டி. நான் சொல்றேன். எனக்கு வேணும்."