வீட்டில் தங்குகிறவர் யார்

அன்று காலை முன்னறையில் இருந்தவர்கள்: மர நாற்காலியில் மாமனார், தரையில் அவருடைய பெண்கள் இருவர், சன்னலோரம் இளைய மாப்பிள்ளை, கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி மூத்த மாப்பிள்ளை. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். மூத்தவர் அங்கே இருந்தார் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். உடம்பு நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரவெல்லாம் மீன் குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரசர் அறையில் கழித்துவிட்டு அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தார்.

பேச்சு இமயமலையைப் பற்றி. அங்கே மலைச்சரிவில் ஒரு ஊர். பிள்ளைகளின் விடுமுறையில் வீடே கிளம்பிப் போய் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். மூத்தவரின் மனைவி மாதக்கணக்காக அந்த ஊரின் படங்களைப் போனில் பார்த்து வைத்திருந்தாள். படிக்கட்டு போல அடுக்கிய வீடுகள், மேலே வெள்ளை வெளேரென்று ஒரு சிகரம். எந்த விடுதியில் வெந்நீர் வரும், எந்தச் சாலையில் வளைவு அதிகம், யாருக்கு வாந்தி வரும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

"பனி பாக்கத்தானே போறோம்?" என்றார் மூத்தவர். "என்கூட கிடங்குக்கு வா. மீன் பெட்டி மேல உக்காந்து வேணுங்கற மட்டும் பாத்துக்கலாம்."

"அங்க மலை இருக்கும். உங்க இடத்துல மீனுதான் இருக்கு," என்றாள் மனைவி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாத்தம் ஒண்ணுதான் அக்கா அங்க கிடைக்காது. அத்தானைப் பக்கத்துல உக்கார வச்சா அதுவும் ஆச்சு," என்றாள் தங்கை.

சிக்கல் இதுதான். மாப்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. இளையவரை அங்கே சேர்த்துவிட்டதே மூத்தவர்தான். இரவில் அந்தக் கம்ப்ரசரை ஓட்ட உரிமம் உள்ளவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே, ஆளுக்கு ஓர் இரவு என்று மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் எல்லா இரவும் பார்த்தாக வேண்டும். அதனால் சகலைகளில் ஒருவர்தான் மலை ஏறலாம். யார் என்பதை முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

மூத்தவருக்கு மலை வேண்டாம். வீடு வேண்டும். ஆளில்லாத வீடு.

அவர் பகலில் படுக்கும் பின்னறையில்தான் அந்த வீட்டின் ஒரே பெரிய அலமாரி இருந்தது. இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை, வரைபடத் தாள் எல்லாம் அதற்குள். சன்னலில் போர்வையை ஆணியடித்து அறையை இருட்டாக்கி வைத்திருந்தார். பயனில்லை. கண் அசந்த நேரம் பார்த்துக் கதவு கிறீச்சிடும். "நீங்க தூங்குங்க, நான் ஒண்ணு எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஒரு குரல் வந்து எழுப்பிவிட்டுப் போகும். முன்னறையில் மாமனாரின் தொலைக்காட்சி உலகச் செய்திகளை ஊருக்கே சொல்லும். கோழித் தூக்கமாகவே வருடங்கள் ஓடிவிட்டன. எல்லா இரவும் வேலை என்றாலும் பரவாயில்லை. ஒரு வாரம், பகல் முழுக்க, யாரும் கதவைத் திறக்காமல் தூங்க வேண்டும். அதற்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார்.

மாமனார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு எழுதியது யாரோ, கை மட்டும் இவருடையது. ஓய்வுக்குப் பிறகு வீட்டு வழக்குகளை அவரே விசாரித்தார். ஆளுக்கு ஒருமுறை பேசலாம், மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: கேட்டவருக்கு இல்லை, வேண்டாம் என்றவருக்கு உண்டு. சாய்வு நாற்காலி வேண்டாம் என்ற மூத்தவளுக்குத்தான் நாற்காலி போனது. மாடி அறைக்கு ஆசைப்படாத இளையவளுக்குத்தான் மாடி அறை வந்தது, தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் சேர்ந்து. அந்த வீட்டில் யாரும் ஆசையை நேராகச் சொல்வதில்லை.

இதெல்லாம் மூத்தவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தூக்கமில்லாத மூளை. தங்குவது சுமை, சுமைக்கு எவன் போட்டிக்கு வருவான் என்று கணக்குப் போட்டார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

"நான் தங்கிக்கறேன் மாமா. சகலை போயிட்டு வரட்டும். சின்ன வயசு, பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"நீங்க?" என்று இளையவர் பக்கம் திரும்பினார்.

இளையவர் வாய் பேசாத ஆள். கேட்டால் தலையாட்டுவார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அன்றைக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் போகணும் மாமா. மறைக்க என்ன இருக்கு. அண்ணன் தங்கறேன்னு சொல்றாரு, சந்தோஷம். அந்தப் பனியைக் கையால அள்ளிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

முந்தாநாள் இரவுதான் அவர் குழாய்மேல் உறைந்த பனியைச் சுரண்டியிருந்தார். அதைப் பற்றிக் காலையில் வீட்டு வாசலில் மூத்தவரிடம் அவர் சொன்ன வார்த்தையைக் குடும்பத்தார் முன்னால் திரும்பச் சொல்ல முடியாது. மூத்தவர் சகலையைப் பார்த்தார். சகலை சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஊமையாக இருந்தவன் ஊரையே விலைக்கு வாங்கிவிட்டான் என்பது மூத்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாடியில் மோட்டார் இரைச்சலுக்குக் கீழே படுக்கிறவனுக்கும் தூக்கம் என்று ஒன்று உண்டு.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் மாமனார் பெண்களைப் பார்த்து. "ஒருத்தர் விட்டுக்கொடுக்கறாரு. ஒருத்தர் எனக்கு எனக்குங்கறாரு. தப்பு சொல்லல, வயசு அப்படி. ஆனா இந்த வீட்டுல விட்டுக்கொடுத்தவங்க தோத்துப் போகக் கூடாது. மூத்தவர் போகட்டும். இளையவர் தங்கட்டும்."

இளையவர் முகத்தைத் தொங்கப் போட்டார். அருமையாகப் போட்டார்.

"மாமா, நிஜமாவே எனக்கு வேண்டாம்," என்றார் மூத்தவர்.

"பாத்தீங்களா," என்றார் மாமனார் பெண்களிடம்.

"இல்ல மாமா. பெருந்தன்மையெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. எனக்குத் தூங்கணும். நீங்க எல்லாரும் போயிட்டா வீடு காலியா இருக்கும், நிம்மதியாத் தூங்கலாம். அதுக்குத்தான் கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு எப்படியெல்லாம் பேசறாரு பாருங்கப்பா," என்றாள். மாமனார் எழுந்து வந்து மூத்தவரின் தோளில் கை வைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மூத்தவர் ஒரு வழக்கில் உண்மையை அப்படியே சொல்லியிருந்தார், அது எடுபடவில்லை.

பின்னறைக்குப் போய் விழுந்தார். சற்று நேரத்தில் கதவு கிறீச்சிட்டது. மனைவி. ஆனால் அலமாரிப் பக்கம் போகவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தூங்கணும்னு சொன்னீங்களே, நிஜம்தானே?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் உங்கப்பாகிட்ட வாயே திறக்கல."

"எதுக்குத் திறக்கணும்? எனக்கு நீங்க வரணும்."

"வந்து என்ன பண்ணப் போறேன்? அங்கயும் தூங்கத்தான் போறேன்."

"தூங்குங்க. ராத்திரில தூங்குங்க, மத்த மனுஷங்க மாதிரி. நான் பக்கத்துல படுத்து எத்தனை நாளாச்சுன்னு நெனச்சுப் பாத்தீங்களா? நீங்க வர்றப்ப நான் எந்திரிக்கறேன். லீவுன்னு இருக்கற ராத்திரியில கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு முன்னறையில நடக்கறீங்க. புருஷன் மாதிரியா இருக்கு? காவலுக்கு ஆள் போட்ட மாதிரி இருக்கு."

அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. அவள் எழுந்தாள். எழுந்தவள் அலமாரியைத் திறந்து, கம்பளிச் சட்டை இருக்கிறதா என்று கடைசித் தட்டுவரை துழாவிவிட்டுத்தான் போனாள்.

கிளம்பும் நாளும் வந்தது. ரயிலடிக்குப் போகும் வேன் தெருவில் நின்றது. மாமனார் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ஓட்டுநருக்கே நேரம் சொன்னார். பெண்கள் பிள்ளைகளை எண்ணி ஏற்றினார்கள். மூத்தவர் கடைசியாக இரண்டு பைகளோடு வாசல்படியில் இறங்கினார். இரவு வேலை முடிந்து வந்திருந்த இளையவர், கைலி மாற்றி, தலையணை உறைகூட மாற்றி, தயாராக நின்றார். கண்கள் சிவந்திருந்தன. அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மூத்தவர் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எங்க படுக்கப் போற?" என்றார் மூத்தவர், தாழ்ந்த குரலில்.

"உங்க ரூம்லதான். நல்ல இருட்டு."

"போர்வை ஆணி ஒண்ணு தளர்ந்திருக்கு. காலைல வெயில் மூஞ்சில அடிக்கும்."

"அடிச்சுட்டேன் அண்ணா. நேத்தே."

வேனிலிருந்து மனைவி, "ஏறுங்க, அப்பா கத்தறாரு," என்றாள். சன்னலோர இடத்தை அவள் எடுத்துக்கொண்டு, சாய்ந்து தூங்கத் தன் தோள் பக்கம் அவருக்கு இடம் விட்டிருந்தாள்.

"நல்லாச் சுத்திப் பாத்துட்டு வாங்க அண்ணா. எனக்கும் சேத்து."

"சரிடா."

அவர் திரும்பி இரண்டு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். கடைசியாக, அவசரமே இல்லாமல், சாவி ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.