இரண்டு திரையிலும் மாமியார்

அவள் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுபவள். பாதிப் படத்தில் மடிக்கணினி மண்டையைப் போட்டது. மறுநாள் மாலைக்குள் வேலையைக் கொடுத்தாக வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் கடை போட்ட நாளிலிருந்து அவன் அம்மா, அதாவது அவளுடைய மாமியார், அவனோடு பேசுவதில்லை. அவனும் இறங்கி வரவில்லை. இருவருக்கும் நடுவில் தூது போய்ப் போய் அவளுக்கு அலுத்துவிட்டது.

கொழுந்தன் இரண்டு மானிட்டர்களோடும் கைக்கடக்கமான ஓர் இணைப்புப் பெட்டியோடும் வந்தான். அண்ணியின் போனே போதும், ஒரு திரையில் படம், இன்னொன்றில் வசனம் என்றான். போனைத் தாங்கியில் நிறுத்தி, பெட்டியின் ஒயரைச் செருகினான். போனில் இருந்ததே இரண்டு திரையிலும் தெரிந்தது. இதற்கு எதற்கு இரண்டு என்று அவள் கேலி செய்தாள். அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், அதற்கு முன் இந்த மின் இணைப்பைப் பார்க்கிறேன் என்று அவன் மேசைக்கடியில் நுழைந்தான்.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் வீடியோ அழைப்பு வந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள். இரண்டு திரையிலும் திரை நிறைய மாமியார்.

குரல் கேட்டதும் அவன் பதறி எழ, மேசை விளிம்பு மண்டையில் ணங்கென்று இடித்தது. எழுந்து நின்றது நேராக போன் கேமரா முன்னால்.

அவள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"பலமா இடிச்சுக்கிட்டியா?" என்றார் மாமியார்.

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. தேய்ச்சு விடு, வீங்கிடும்."

அவன் தேய்த்துக்கொண்டான். பிறகு, இதென்ன இவ்வளவு ஒயர் என்று மாமியார் கேட்க, அவன் ஒவ்வொன்றாக விளக்கினான். தன் போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று அவர் குறைப்பட்டார்.

"உங்க போனுக்கும் மாட்டித் தரட்டுமா?"

"எனக்கு ஒரு திரை போதும். சாப்பிடுற நேரமா பார்த்து வா."

அவன் அமைப்பை மாற்றிக் கொடுத்தான். இடப்பக்கம் படம் ஓட, வலப்பக்கம் அவள் வசனம் எழுதினாள். வேலை நேரத்துக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா வீட்டுக்குப் போனான். என்ன ஆயிற்றோ என்று அவள் மாலையில் போன் செய்தாள்.

"ஆசை தீரத் திட்டினாங்க அண்ணி," என்றான். "அப்புறம், கடை எந்தத் தெருவுலன்னு கேட்டாங்க."