கிட்டார்க்காரரைப் பிடிக்காத பெட்டி

கிட்டார்க்காரர் கடைசியாக வாங்கி வந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு அவரைப் பிடிக்கவில்லை. வேறு யார் வாசித்தாலும் பாடியது. அவர் வாசித்தால் மட்டும் வாய் திறக்கவில்லை. இது தெரியவந்தது பால் விலை ஏறிய வாரத்தில். லிஃப்ட் ஓடாததால் பெட்டியை மூன்று மாடி சுமந்து வந்த, அவர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்திருந்தார். கிட்டார்க்காரர் வயரைச் சொருகினார். கண்ணை மூடி, ஜாஸ் வாசிக்கிறவர்கள் ஏதோ கருகும் வாசனை பிடித்ததுபோல் வைத்துக்கொள்ளும் அந்த முகத்தை வைத்துக்கொண்டு, தனக்கு ரொம்பப் பிடித்த ஸ்வரக்கூட்டைத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பேஸ்காரர் கையை நீட்டிக் கிட்டாரை வாங்கி, சும்மா இரண்டு கம்பியைத் தட்டினார். உருண்டு திரண்ட ஓர் ஒலி கிளம்பி, அலமாரிக் கண்ணாடியை அதிரவைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. "நல்லாத்தானே இருக்கு" என்றார். கிட்டார்க்காரர் வெடுக்கென்று பிடுங்கித் திரும்ப வாசித்தார். பெட்டி கம்மென்று இருந்தது.

மனைவி சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டிக் கழற்றுகிறவளுக்கு வீட்டுக்கு வந்தால் எந்தப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லும் இந்த வேலை. கல்யாணமான புதிதில் அவர் வாசிப்பு என்றால் அவளுக்கு உயிர். அப்போது அவரிடம் இருந்தது யாரோ கொடுத்த ஓட்டை ஆம்ப். அதில்தான் வாசித்தார், அதில்தான் அவள் மயங்கினாள். பிறகு அவருக்கு ஒலியின் மேல் சந்தேகம் வந்தது. ராக் வாசிக்கிறவனுக்கு ஒலி கிழிய வேண்டும், அதற்கு எந்தத் தகர டப்பாவும் போதும். ஜாஸுக்கு ஒலி கிழியவும் கூடாது, மெலியவும் கூடாது, சுத்தமாகவும் இருக்க வேண்டும், சதைப்பற்றோடும் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். வந்தவர் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவராக இருந்தாலும் விளக்கினார். பின்பக்கம் திறந்த பெட்டி வாங்கினார். பாதி ஒலி சுவருக்குப் போய்விடுகிறது என்றார். பின்பக்கம் மூடிய பெட்டி வாங்கினார். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் மந்தம், எட்டு அங்குலம் கீச்சு, பத்து அங்குலம் இரண்டுங்கெட்டான். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு உயிர் இல்லை. வால்வு ஆம்ப்புக்கு உயிர் இருக்கிறது, ஆனால் முதுகு ஒடிகிறது. பெட்டியைத் தரையில் வைத்தால் குமுறுகிறது, ஸ்டூலில் வைத்தால் ஒல்லியாகிறது. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டி, "இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?" என்று அவளைக் கேட்பார். அவள் எதைச் சொன்னாலும் உச்சுக்கொட்டுவார். அவளுக்குக் காது இல்லையாம்.

வாங்கிய எதையும் விற்கவில்லை. புதியது நல்லதா என்று பார்க்கப் பழையது வேண்டுமே. முதலில் படுக்கையறைச் சுவரோரம் அடுக்கினார். பிறகு கட்டிலுக்குக் கீழே. கடைசியில் கட்டிலையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் அடுக்கினார். புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். இப்படிப் பன்னிரண்டு வருஷம். இந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றி அவர் வாயெடுத்தபோது அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இதுதான் கடைசி, இது வந்ததும் மற்றதெல்லாம் போக வேண்டும், கட்டில் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இந்தப் பெட்டியை மற்றவற்றோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுவதாகச் சொன்னார். வாய் திறக்காத பெட்டியை எதோடு ஒப்பிடுவது? சத்தியம் அப்படியே நின்றது.

பெட்டிக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதைக் கிட்டார்க்காரர் தவிர எல்லோரும் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார்கள். அவர் வயரை மாற்றினார், வால்வை மாற்றினார், ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் மின்தடையின் ஓம் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றார், கட்டடத்தின் கரண்ட் சரியில்லை என்றார். ரிப்பேர்க்காரர் வந்தார். வாசித்துப் பார்த்தார்; பாடியது. கிட்டார்க்காரரை வாசிக்கச் சொன்னார், பாடவில்லை. "பெட்டியில ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, மற்ற பாதியை நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டு போனார். கீழ்வீட்டுத் தையற்காரி வந்து ஒரு விரலால் மீட்டிப் பார்த்தாள், அவளுக்கும் பாடியது. பார்சல் கொண்டு வந்தவர் தவறுதலாகக் கிட்டாரில் முழங்கையை இடித்துவிட்டார். அந்த இடிக்குக்கூட அப்படியொரு இனிமையான பதில் வந்தது. கிட்டார்க்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் வாய் ஓயவில்லை. இவர்களெல்லாம் முரடாக அடிக்கிறார்கள், அதனால் கேட்கிறது. தன்னுடைய விரலின் நுட்பத்தைத் தாங்கும் ஸ்பீக்கர் இன்னும் உலகத்தில் செய்யப்படவில்லை என்றார். இதைக் கேட்டு மனைவிக்குக் கோபம்கூட வரவில்லை. கடையில் காட்டுகிற கண்ணாடியையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை வழியனுப்பும் முகத்தோடு அவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மாதங்கள் ஓடின. கட்டில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பையைக் கட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, கிட்டார்க்காரர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டாள், காதில் விழவில்லை. கிட்டார் நாற்காலியில் படுத்திருந்தது. அது பழைய கிட்டார். அதன் கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்புக்கு ஒரு கோளாறு உண்டு: கம்பியின் அதிர்வோடு நிற்காமல், பக்கத்தில் யாராவது பேசினால் மைக் மாதிரி அதையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சத்தமே வராத எரிச்சலில் அவர் எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகி வைத்திருந்தார். அவள் நாற்காலிப் பக்கம் குனிந்து, "என்னங்க, நான் கெளம்பறேன்" என்றாள்.

பெட்டி அதைச் சொன்னது. கணீரென்று, கிழியாமல், மெலியாமல், நிறைந்த சதைப்பற்றோடு சொன்னது. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கிட்டார்க்காரர் தலையை வெளியே எடுத்தார், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அவள் ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு கிட்டாரை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே பேசினாள்.

"எது நல்லா இருக்கு, எது நல்லா இருக்குன்னு என்னையே கேட்டீங்க. நான் சொன்னதை ஒரு நாளாவது காதுல வாங்கினீங்களா? எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் எதுவுமே பத்தலை. பெட்டி பத்தலை, வீடு பத்தலை, நானும் பத்தலை. ஊர்ல இருக்கறவன் எல்லாம் செவிடு, நீங்க ஒருத்தர்தான் கேக்கறவரு. அந்தப் பெருமையைக் கட்டிக்கிட்டுப் பாய்ல படுங்க. நான் போறேன்."

கீழ்வீட்டில் தையல் மெஷின் நின்றது. எதிர்மாடியில் துணி காயப்போட்டவள் கிளிப்பை வாயில் கவ்வியபடியே நின்றாள். கிட்டார்க்காரரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக் காத்திருந்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பையைப் பிரித்திருப்பேன் என்று பிற்பாடு தங்கையிடம் ஒப்புக்கொண்டாள். அவர் மெல்ல முட்டி போட்டு நகர்ந்து ஆம்ப் பக்கம் வந்தார். ஒரு குமிழை ஒரு கோடு திருப்பினார்.

"ட்ரெபிளைக் கொஞ்சம் கொறச்சிருக்கேன்" என்றார். "இப்ப சொல்லு, மறுபடியும்."

அவள் கிட்டாரைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள், கீழே விழாதபடி. படியிறங்கும்போது தையற்காரி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

அதற்கப்புறம் அவர் மற்ற எல்லாப் பெட்டிகளையும் ஒரே வாரத்தில் விற்றுவிட்டார். தேடிய ஒலி இதற்குள்தான் இருக்கிறது என்று காதால் கேட்டாகிவிட்டதே. படுக்கையறை காலியாயிற்று, கட்டிலைப் பூட்டிப் போட அவருக்குத் தோன்றவில்லை. வாடிக்கையாக வாசிக்கும் ஹோட்டலின் மாடி உணவகத்துக்கும் அந்தப் பெட்டியையே கொண்டுபோனார். பேஸ்காரரும் ட்ரம்ஸ்காரரும் முதல் வாரம் பதறினார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். முதலாளி கவனிக்கவே இல்லை. சாப்பிட வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய சிலர் இருந்தார்கள். கிட்டார்க்காரரின் அடக்கத்தைப் பற்றி அவர்கள்தான் முதலில் பேச ஆரம்பித்தார்கள். தேவையில்லாத ஒரு ஸ்வரம் இல்லை என்றார்கள். பத்திரிகையில் ஒருவர் அந்த மௌனத்தின் முதிர்ச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கூட்டம் வந்தது, சனிக்கிழமைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் மேஜை கிடைத்தது. அவர் ஒவ்வொரு மாலையும் வேர்க்க விறுவிறுக்க வாசித்தார். பெட்டி ஒருநாளும் மனம் இரங்கவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, கண்ணாடிக் கடை முதலாளி தன் ஊழியர்களை அங்கேதான் விருந்துக்கு அழைத்துப் போனார். அவளும் போனாள். மேடைக்கு நேர் எதிரே இடம். பேஸ் நிதானமாக நடந்தது, ட்ரம்ஸ் மெதுவாக உரசியது, நடுவில் கிட்டார்க்காரரின் விரல்கள் கம்பியின் மேல் பாய்ந்து பாய்ந்து ஓடின. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை, மேடையில் வாசிப்பவர் அவளுக்கு யாரென்று தெரியாமல், அவள் காதருகே குனிந்து, "கிட்டார் பிரமாதம் இல்ல மேடம்?" என்று கேட்டார்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டாள்.

"ஆமா சார்" என்றாள். "இப்பதான் நல்லா வாசிக்கறாரு."

பிறகு சூப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.