கோணல் வரி

தையல்காரி மூன்றாவது நாளாகப் போலீஸ் ஸ்டேஷனில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போர்டு எழுதும் பெயிண்டரான அவள் தம்பி ஊர்வலத்துக்கு அட்டை எழுதிக் கொடுத்தான். அந்தக் குற்றத்துக்காக அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. ஸ்டேஷனில் மட்டும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையாம்.

“அப்படி யாரையும் நாங்க கொண்டு வரல. சொன்னாப் புரியாதா?” என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். “மாஜிஸ்திரேட் வர்ற நேரம். எழுந்து போ.”

போகிறவளா அவள்? ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாஜிஸ்திரேட் பார்வையிட வருகிறாரே, சுவரெல்லாம் வெள்ளை அடித்து எதிரே புத்தம்புது போர்டு மாட்டியிருந்தார்கள். ‘உங்கள் அடிப்படை உரிமைகள்’. கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமாம். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டுமாம். படிக்கப் படிக்க அவளுக்கு வயிறு எரிந்தது. எல்லாம் நூல் பிடித்த மாதிரி எழுதியிருக்க, கடைசி வரி மட்டும் கோணல்மாணலாகக் கிடந்தது. அதற்குக் கீழே மூலையில் சின்னதாக, வால் வைத்த ஒரு சிவப்புக் காற்றாடிப் பட்டம், பக்கத்தில் நேற்றைய தேதி.

அவள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தப் பட்டம் அவள் கடை போர்டிலும் இருக்கிறது. எதை எழுதி முடித்தாலும் பட்டம் வரைந்து தேதி போடாவிட்டால் தம்பிக்குத் தூக்கம் வராது.

மாஜிஸ்திரேட் வந்ததும் போர்டைத்தான் முதலில் பார்த்தார். “நல்லா இருக்கே. யார் எழுதினது?”

“வெளியில குடுத்து எழுதினோம் சார்,” என்று இன்ஸ்பெக்டர் குழைந்தார்.

தையல்காரி குறுக்கே போய் நின்றாள். “என் தம்பி எழுதினதுங்க. மூணு நாளைக்கு முன்னாடி ஜீப்புல கொண்டு வந்தாங்க. கேட்டா இல்லவே இல்லைங்கிறாங்க. மூலையில அவன் போடுற அடையாளம் இருக்கு, நேத்துத் தேதியோட.”

மாஜிஸ்திரேட் குனிந்து பார்த்தார். “எந்தக் கடையில குடுத்தீங்க?”

மாஜிஸ்திரேட் பதிலுக்குக் காத்திராமல் லாக்கப் பக்கம் நடந்தார்.

தம்பி வெளியே வந்தான். இடது கை விரலெல்லாம் சிவப்புப் பெயிண்ட். வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

“ஏன்டா, எல்லாம் ஒழுங்கா எழுதிட்டுக் கடைசி வரியில கோட்டை விட்டுட்டியே,” என்றாள் அக்கா. வேறு எதைக் கேட்டாலும் அழுதுவிடுவாள்.

“அதுக்குள்ள வலது கையை உடைச்சுட்டாங்கக்கா. இடது கையாலதான் எழுதினேன்.”

மாஜிஸ்திரேட் திரும்பி வந்து அந்தக் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்.

‘காவலில் உள்ள யாரையும் அடிக்கக் கூடாது.’