கிணற்றடிக் கமரா

இறுப்பிட்டியில் காலை பதினொன்றரை என்றால் கனடாவில் இரவு இரண்டு மணி. பிரியவதனி குளிப்பதற்கு அந்த நேரத்தைத்தான் தெரிந்தெடுத்திருந்தாள்.

பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் களவுபோன பிறகு, ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தமையன் பரராசசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் அனுப்பிப் பின்சுவரில் கமரா பூட்டுவித்தார். அது இவர்களுடைய மோட்டர் இருக்கும் கிணற்றடியைப் பார்த்தபடி நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கமராவும் வீடியோக் கோல் மாதிரித்தான், அங்கே ஆள் திறந்து பார்த்தால்தான் இங்குள்ளது தெரியும் என்று நினைத்திருந்தாள். அண்ணை நித்திரை என்றால் கமராவும் நித்திரை. தைத்துக்கொண்டிருக்கும் சட்டையை மெசினில் விட்டுவிட்டுக் நெஞ்சுக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு போய் நாலு வாளி ஊற்றிக்கொண்டு வருவாள். மூன்று கிழமை அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிறு பின்னேரம் தமையனின் மகள் கம்சிகா கோல் எடுத்தாள்.

“மாமி, ஒண்டு கேக்கட்டே? குறை நினைக்காதேங்கோ. உங்கடை முதுகிலை என்ன அது, எரிஞ்ச காயமோ?”

பிரியவதனியின் கை முதுகுக்குப் போயிற்று. இடம்பெயர்ந்து ஓடிய நாளில் பட்ட ஷெல் துண்டின் தழும்பு அது. கண்டவர் புருசன் ஒருவர்தான். அவரும் காலமாகி ஆறு வருடம். தன் சட்டைகளின் முதுகை அவள் கழுத்துவரை உயர்த்தித் தைப்பது அதற்காகத்தான்.

“நீ எங்கை பாத்தனி?”

“அப்பா கமராவின்ரை பாஸ்வேர்டைக் குடும்பக் குறூப்பிலை போட்டவர். ஊர்வீட்டை எல்லாரும் பாக்கலாமெண்டு. அது எப்பவும் பதிஞ்சுகொண்டிருக்கும் மாமி. பதினாலு நாளையான் பதிவு அப்பிடியே கிடக்கும்.”

“குறூப்பிலை எத்தினை பேர்?”

“முப்பத்தொண்டு.”

“ஆம்பிளையளும்?”

“ஓம் மாமி.”

போனை வைத்துவிட்டுப் பிரியவதனி எழும்பிப் பின்பக்கம் போனாள். பிறகு கமராவின் பிளக்கைக் கழற்றினாள். பின்சுவரோடு கதிரையைப் போட்டு ஏறி, துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத தன் கத்தரிக்கோலால் வயரை இரண்டாக நறுக்கினாள்.

பத்து நிமிடத்தில் தமையன் கோல் எடுத்தார்.

“வதனி, கமரா வேலை செய்யேல்லை. கரண்ட் இல்லையோ?”

“கரண்ட் இருக்கு. நான் வயரை வெட்டிப்போட்டன்.”

“ஏன்?”

“கிணத்தடியிலை நான் குளிக்கிறனான் அண்ணை.”

“உன்னை ஆர் பாக்கப்போறது? எல்லாம் எங்கடை சனம்தானே.”

“எங்கடை சனம்தான். கள்ளன் பாத்தாலும் வெளியிலை சொல்லமாட்டான்.”

“மோட்டர் போனால்?”

“போகட்டும். வாளி இருக்கு, கை இருக்கு.”

அவர் குரல் தடித்தது. “அந்த வீட்டுக்குக் கூரை போட்டது நான். மறந்துபோனியோ?”

இவள் பேசாமல் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அண்ணை சத்தம் போட்டால் அவள் பேசாமல் இருப்பாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். இந்த முறை மௌனம் நீண்டுகொண்டே போக, அவருக்கே பொறுக்கவில்லை.

“கேக்குதே?”

“கேக்குது. கூரை உங்கடைதான். வீடு எனக்கு அம்மா எழுதின சீதனம். கூரை வேணுமெண்டால் ஆளை அனுப்பிக் கழட்டிக்கொண்டு போங்கோ. நான் ஓலை போட்டுக்கொண்டு இருப்பன்.”

அவர் குரல் இறங்கியது.

“சரி, கேற்றடியிலையாவது பூட்டுவம்.”

“நான் மெசினிலை இருந்து கேற்றைப் பாத்தபடிதான் தைக்கிறனான். என்ரை கண் காணும். நீங்கள் இப்ப, பதிஞ்சு கிடக்கிறதெல்லாத்தையும் அழியுங்கோ.”

“அழிக்கிறன்.”

“கம்சிகா பக்கத்திலை நிண்டு பாத்து எனக்குச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் வைக்கமாட்டன்.”

“என்னிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?”

அவள் போனைக் காதோடு வைத்தபடி நின்றாள். தூரத்தில் அவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது. கதிரை இழுபட்டது. இவள் கால் மாற்றி நின்றாள். கடைசியில் கம்சிகா வந்து, “எல்லாம் அழிஞ்சு போட்டுது மாமி. குறூப்பிலையும் ஒருத்தருக்கும் இனித் திறக்காது” என்றாள்.

வெயில் தணிந்திருந்தது. பிரியவதனி துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கனடாவில் என்ன நேரமென்று கணக்குப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து, முதல் வாளியை முதுகில் ஊற்றினாள்.