நல்லரத்தினத்தின் கண்கள் எந்தக் குடி?

தேற்றாத்தீவில் கண்தானம் என்றால் ஓய்வுபெற்ற தபால்காரர் நல்லரத்தினம்தான். எந்தச் செத்தவீட்டையும் விடமாட்டார். போவார், அனுதாபம் சொல்வார், அப்படியே கண்ணையும் கேட்பார். ஒருவரும் கொடுத்ததில்லை. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பாயில் கிடந்த நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து அவரே போய்ச் சேர்ந்தார். மனைவி சீதேவிப்பிள்ளை பாதி அழுகையில் புளியந்தீவிலுள்ள கண்தானச் சங்கத்துக்குப் போன் எடுத்தாள். கண்களைச் சேகரிக்கிற திவாகரன் ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சில மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் கண் உதவும். இவருடைய கண்ணே மண்ணுக்குப் போனால், மனிசன் ஊரெல்லாம் பேசியது வெறும் வாய்ச்சவடாலாகிவிடும் என்று சீதேவிப்பிள்ளைக்குத் தெரியும்.

வாசலை மறித்துக்கொண்டு சீனித்தம்பி நின்றார். நல்லரத்தினத்தின் பெரியம்மா மகன், அவர்கள் குடியில், அதாவது தாய்வழி வம்சத்தில், மூத்தவர். மட்டக்களப்பில் ஒரு ஆண் மனைவி வீட்டில் வாழ்ந்து, மனைவி வீட்டில் சாப்பிட்டு, மனைவி வீட்டிலேயே செத்தாலும், அவன் குடி தாயின் குடிதான். மனைவி வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது.

"கண் எந்தக் குடிக்குப் போகும், தம்பி?" என்று கேட்டார் சீனித்தம்பி.

"பார்வை இல்லாத ஆக்களுக்குப் போகும், ஐயா."

"அது தெரியும். எந்தக் குடி?"

"அதெல்லாம் நாங்க பாக்கிறல்ல. பேரும் சொல்ல ஏலா."

"அப்ப நாளைக்கு ஆரோ ஒரு பொடியன் நல்லரத்தினத்திர கண்ணோட வந்து நம்மட குடியில பொண்ணு கேப்பான். அண்ணன் தங்கச்சிக்குக் கலியாணம் கட்டி வைக்கிறதா?"

பந்தலில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினார்கள். திவாகரனின் துண்டுப்பிரசுரத்தில், அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போமா என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. முகம் கெட்டுப்போகுமா என்பதற்கும் இருந்தது. குடிக்கு இல்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

சீதேவிப்பிள்ளை மூக்கைச் சீறிவிட்டு எழும்பி வந்தாள்.

"அத்தான், என்ர புள்ளையள் என்ன குடி?"

"உங்கட குடி. தாய்ர குடிதானே வரும்."

"பெத்த புள்ளைக்கே குடி குடுக்க ஏலாத மனிசன், கண்ணால ஆருக்குக் குடுக்கப் போறார்?"

சீனித்தம்பி ஆதரவுக்காகப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் பந்தல் கம்பைப் பார்த்தார்கள்.

"ஞாயம்தான்," என்றார் கடைசியில். "எடுங்க, தம்பி."

திவாகரன் வேலையை முடித்து வெளியே வந்ததும், முதல் ஆளாக உள்ளே போய்க் குனிந்து பார்த்தவர் சீனித்தம்பிதான். இமைகள் மூடிக் கிடந்தன. சோறு தின்றுவிட்டு மத்தியானத்தில் படுக்கிற அதே முகம்.

"ஒரு குழியும் இல்லயே," என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

சீதேவிப்பிள்ளை அப்போதுதான் கணவரின் காலடியில் உட்கார்ந்து ஒழுங்காக அழத் தொடங்கினாள். சீனித்தம்பி போவதாக இல்லை.

"மச்சாள், ஒரு யோசின. ஆம்பிளைர கண் சரி. குடியக் குடுக்கிறது பொம்பிளைதானே? அப்ப நீங்க கண் குடுக்க ஏலாதே?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் உங்கட குடி இல்ல, அத்தான். அத எங்கட ஆக்களோட நான் கதைக்கிறன்."

பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "தம்பி, போகக்குள்ள என்ர பேரையும் எழுதிக்கொண்டு போங்க."